எடை இறங்கினால் உதை ஏறும்

மலையில் வேட்டையாடுபவரின் ரைஃபிள் விசித்திரமான வேலைப் பங்கீடு கொண்ட கருவி. விடியலில் தொடங்கிப் பொழுது சாயும்வரை அது வெறும் சுமை. சுடுகருவியாக அது வேலை செய்வது நாளில் ஒரே ஒரு முறை. பல நாட்களில் அதுவும் இல்லை. சுடும்போதும் குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு மில்லிசெகண்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பத்து மணி நேரம் சுமக்கும் கால்கள் எடை குறையட்டும் என்கின்றன. அந்த ஒரு மில்லிசெகண்டைத் தாங்கும் தோளும் குறி பிடிக்கும் கையும் எடை இருக்கட்டும் என்கின்றன. கடந்த சில பத்தாண்டுகளில் சந்தை கால்களின் பக்கம் சாய்ந்துவிட்டது. தொலைநோக்கி இல்லாமல் 2.3 கிலோ மட்டுமே எடையுள்ள ரைஃபிள்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவதும் அந்த எண்தான். அதை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறுவார் என்பது என் வாதம். எத்தனை கிராம் குறைந்தது என்பதைவிட, அவை எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டன என்பதுதான் பெரிய கேள்வி.

இதை நியூசிலாந்தின் தென் ஆல்ப்ஸ் மலைகளில் வைத்துப் பார்ப்பது வசதி. வௌவால்களைத் தவிர வேறு நிலவாழ் பாலூட்டிகளே இயற்கையாக இல்லாத அந்த நாட்டில், 1904-இல் ஐரோப்பியர்கள் இமாலய வரையாட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். 1907-இல் ஆஸ்திரியப் பேரரசர் பரிசாக அனுப்பிய ஷாமி என்னும் மலையாடு வந்து சேர்ந்தது. தின்று அடக்க வேட்டை விலங்கு ஏதும் இல்லாத மலையில் இரண்டும் பெருகி அரிய மலைத் தாவரங்களை மேய்ந்து தீர்க்க, இன்று அவற்றைச் சுட்டுக் குறைப்பது அங்கே இயற்கைப் பாதுகாப்பின் ஒரு பகுதி. (நம் நீலகிரி வரையாடு பெயரளவில்தான் இமாலய வரையாட்டுக்கு உறவு, மரபணுவை ஒப்பிட்ட ஆய்வுக்குப் பின் 2005-இல் அது தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் அதை வேட்டையாடுவது குற்றம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) உருளும் கற்சரிவிலும் பாறை விளிம்பிலும் ஏறி இறங்கி, மூச்சு வாங்க மண்டியிட்டு, 200, 250 மீட்டருக்கு அப்பால் நிற்கும் விலங்கைச் சுட வேண்டிய இடம் அது. குறி தவறிக் காயத்தோடு ஓடும் விலங்கைத் தேடி எடுப்பது அந்தச் சரிவுகளில் பெரும்பாலும் நடவாத காரியம்.

முதலில் கால்களின் வாதத்தைக் கேட்போம். 1 கிலோ எடையை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றத் தேவைப்படும் ஆற்றல் 9.8 கிலோஜூல். நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன என்று கொண்டால், செலவு சுமார் 39 கிலோஜூல், அதாவது ஒன்பது கிலோகலோரிக்குச் சற்று மேல். ஒரு மேரி பிஸ்கட்டில் பாதிகூட இல்லை. உடலும் மூட்டையும் சேர்ந்து 95 கிலோவாக நடக்கும் ஒருவருக்கு ரைஃபிளில் 1 கிலோ குறைவது சுமார் ஒரு சதவீத லாபம். ஆக, கலோரிக் கணக்கு இலேசான ரைஃபிளுக்குப் பெரிதாக ஆதரவு தரவில்லை. ஆனால் ரைஃபிள் எப்போதும் முதுகில் இருப்பதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். விலங்கு அருகில் இருக்கலாம் என்று தோன்றியதும் அது கைக்கு வந்துவிடுகிறது. சுமை தூக்குதல் பற்றிய உடலியல் ஆய்வுகளில், கையில் பிடிக்கும் எடைக்கு உடல் தரும் விலை முதுகில் சுமப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வரை போகிறது. பாறையைப் பற்ற ஒரு கை வேண்டியிருக்கும்போது, மறு கையில் நாலரைக் கிலோ இருப்பதும் மூன்று கிலோ இருப்பதும் ஒன்றல்ல. தளர்ந்த முன்கை குறி பிடிக்கும்போது நடுங்கும். இலேசான ரைஃபிளுக்கு உண்மையான நியாயம் இங்கேதான் இருக்கிறது. அந்த நியாயம் நாலரையிலிருந்து மூன்றேகாலுக்கு இறங்குவதற்குப் போதும். அதற்குக் கீழே இழுக்க அதற்கு வலு இல்லை, ஏனென்றால் அங்கே தோளின் கணக்கு குறுக்கே வருகிறது.

தோளின் கணக்கு பள்ளிப் பாடம்தான்: உந்த அழிவின்மை. .308 வின்செஸ்டர் தோட்டாவில் 9.7 கிராம் குண்டு நொடிக்கு 860 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. அதைத் தள்ளிய சுமார் 2.9 கிராம் வெடிமருந்தும் வாயுவாகி அதைவிட வேகமாகப் பாய்கிறது. இரண்டின் உந்தத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 12 கிலோகிராம்-மீட்டர்/நொடி. ரைஃபிள் எவ்வளவு எடையாக இருந்தாலும் இந்த உந்தம் மாறாது. அதே அளவு பின்னோக்கி வந்தே தீரும். மாறுவது அது எந்த வேகத்தில், எவ்வளவு ஆற்றலோடு தோளில் இடிக்கிறது என்பது. உந்தத்தின் இருமடியை எடையின் இரு மடங்கால் வகுத்தால் உதையின் ஆற்றல் கிடைக்கும். 4.2 கிலோ ரைஃபிளில் 17 ஜூல், 3.2 கிலோவில் 23, 2.6 கிலோவில் 28. ஆக, எடை எந்த விகிதத்தில் இறங்குகிறதோ அதே விகிதத்தில் உதை ஏறுகிறது. உதை வேகமும் கூடுவதால் அது தள்ளுவதுபோல் இல்லாமல் அறைவதுபோல் இருக்கும். பெரும்பாலானோர் தடுமாற்றமின்றிச் சுடக்கூடிய எல்லையாக வேட்டை எழுத்தாளர்கள் பலர் 20 அடி-பவுண்டைச் சொல்வார்கள். அது 27 ஜூல். மிக இலேசான ரைஃபிள் நடுத்தரத் தோட்டாவோடேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய தோட்டாவை அதே 2.6 கிலோவில் போட்டால் 50 ஜூலுக்கு மேல்.

வலியைத் தாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஒரு தோட்டாவுக்காக யாரும் தோளை இழந்துவிட மாட்டார்கள் என்பது உண்மைதான். சிக்கல் வலியில் இல்லை, எதிர்பார்ப்பில் இருக்கிறது. உதை வரப்போகிறது என்று கற்றுக்கொண்ட மூளை, விரல் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூட வைக்கிறது, தோளை முன்னே தள்ள வைக்கிறது. இந்தத் துணுக்குறலைச் சுடுபவரால் பெரும்பாலும் உணரவே முடியாது; உதையின் இரைச்சலில் அது மறைந்துவிடும். பெரிய தோட்டா கொண்ட இலேசான ரைஃபிளை வாங்கியவர் பயிற்சியே செய்யாமல் அலமாரியில் வைத்துவிடுவதும் இதே நோயின் இன்னொரு முகம். எனவே எடையைக் குறைக்க நினைப்பவர் முதலில் தோட்டாவைக் குறைக்க வேண்டும். 6.5 கிரீட்மூர் (2007), 7 மி.மீ.-08 ரெமிங்டன் (1980) போன்றவை 3.2 கிலோ ரைஃபிளில் 20 ஜூலை ஒட்டியே உதைக்கும். சிறிய தோட்டா பெரிய விலங்கை வீழ்த்துமா என்ற ஐயம் நூறாண்டுப் பழையது. அதற்கு விடையும் அதே பழமை உடையது. ஸ்காட்லாந்துக்காரரான கரமோஜோ பெல் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றது பெரும்பாலும் 7 மி.மீ. மௌசர் தோட்டாவால். 1926-இல் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் சுட்டதும் அதே தோட்டாவால்தான். லண்டன் துப்பாக்கி நிறுவனமான ரிக்பி அதற்கு .275 என்று வேறு பெயர் சூட்டியிருந்தது. பெல்லின் யானை வேட்டையை இன்று யாரும் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் குண்டு எங்கே படுகிறது என்பது அதன் பருமனை வென்றுவிடும் என்பதற்கு அதைவிடக் கடுமையான சோதனை கிடைப்பது அரிது. குழலின் வாயில் துளையிட்ட தடுப்பான் பொருத்தி வாயுவைப் பக்கவாட்டில் திருப்பினால் உதை குறையுமே என்பது அடுத்த மறுப்பு. குறையும், கணிசமாகவே. ஆனால் அந்த வாயுவோடு வெடிச்சத்தமும் சுடுபவரின் காதுக்கே திரும்பி வருகிறது. தோளைக் காப்பாற்றிச் செவியை இழப்பது நல்ல பேரமாக எனக்குத் தோன்றவில்லை.

உதையைவிடக் குறைவாகப் பேசப்படும் இழப்பு, நிலைமத்தின் இழப்பு. குறி பிடிப்பவரின் இதயம் துடிக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, தசைநார்கள் ஓயாமல் சிறிதாக அதிர்கின்றன. இந்த ஒவ்வொரு சிறு தள்ளலையும் ரைஃபிள் ஒரு திருப்பமாக வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது அதன் நிலைமத் திருப்புத்திறன். அது எடையோடு ஒரு மடங்காகவும், அச்சிலிருந்து உள்ள தூரத்தோடு இருமடியாகவும் வளர்வது. தோளை அச்சாகக் கொண்டால், 75 செ.மீ. தள்ளி குழல்வாய்க்கு அருகே இருக்கும் 100 கிராம், 20 செ.மீ. தள்ளித் தோளில் அணைக்கும் கட்டையில் இருக்கும் 100 கிராமைப் போல 14 மடங்கு ஆட்டத்தை அடக்குகிறது. எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு இயற்பியல் இதைவிடத் தெளிவாகப் பேச முடியாது. தோளுக்கு அருகிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுங்கள், முனையை விட்டுவையுங்கள் என்கிறது அது. இதே காரணத்தால் விசையின் இறுக்கமும் கவனிக்கத்தக்கது. விசையை இழுக்க 2.5 கிலோ அழுத்தம் வேண்டும், ரைஃபிளின் எடையும் அதே அளவுதான் என்றால், சுடும் செயலே குறியைக் கலைத்துவிடும். இலேசான ரைஃபிளுக்கு 1.1 முதல் 1.4 கிலோவுக்குள் இழுவை இருப்பது நல்லது. அதற்கும் கீழே இறக்குவது குளிரில் விறைத்த விரலுக்கு ஆபத்து.

எடைக் குறைப்பின் வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கேள்விக்கு வந்த இரு வேறு விடைகள் தெரியும். வின்செஸ்டர் நிறுவனம் 1952-இல் தன் மாடல் 70-இன் ‘ஃபெதர்வெயிட்’ வடிவத்தை .308 தோட்டாவோடு வெளியிட்டபோது, குழலை மெலிய வைத்து 22 அங்குலமாகக் குறுக்கியது. அடித்தகடும் விசைக்காப்பும் அலுமினியமாயின. எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் கீழே வந்தது. அந்தக் காலத்தில் வால்நட் மரக்கட்டையையும் தோட்டாவை ஏற்றித் தாழிடும் எஃகு அறையையும் விட்டால் வேறு வழியில்லை, ஆகவே குழல்தான் பலியானது. 1980-களில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த மெல்வின் ஃபோர்ப்ஸ் வேறு திசையில் யோசித்தார். நீளமான தோட்டாக்களுக்கென்று செய்த அறையில் குட்டைத் தோட்டாவைப் போடுவது வீண் எஃகு என்று கருதி, தோட்டாவின் நீளத்துக்கு ஏற்ற அறையை வடிவமைத்தார்; கெவ்லாரும் கிராஃபைட்டும் கலந்த கட்டையை அரைக் கிலோவுக்கு அருகே கொண்டுவந்தார்; 22 அங்குலக் குழலைக் குறுக்காமல் விட்டார். தொலைநோக்கி இல்லாமல் ரைஃபிள் சுமார் 2.3 கிலோ. ஃபெதர்வெயிட் பார்க்க அழகு, அதில் ஐயமில்லை. ஆனால் கணக்குப்படி ஃபோர்ப்ஸின் வழிதான் சரி. கட்டையில் அரைக் கிலோ குறைந்தால் ஆட்டத்தை அடக்கும் திறன் அதிகம் குறையாது. ஈர்ப்பு மையம் முன்னே நகர்வதால் ரைஃபிள் கையில் இன்னும் அடங்கியே நிற்கும். எஃகின் அடர்த்தி 7.8, டைட்டானியத்தின் அடர்த்தி 4.5, அறையை டைட்டானியத்தில் செய்தாலும் குறைவது நடுப்பகுதியில்தான். எல்லாவற்றையும்விட மலிவான குறைப்பு தொலைநோக்கியில் இருக்கிறது. 50 மி.மீ. முன்வில்லை கொண்ட பெரிய உருப்பெருக்கி 700 கிராமைத் தாண்டும், 36 மி.மீ. வில்லையுள்ள 2.5-8 மடங்குத் தொலைநோக்கி 320 கிராமுக்கு அருகில் முடிந்துவிடும். 250 மீட்டரில் ஆட்டின் தோள்பட்டையைப் பார்க்க எட்டு மடங்கு தாராளம். இலேசான ரைஃபிளுக்கு ஆயிரக்கணக்கில் கூடுதல் விலை கொடுத்துவிட்டு அதன் தலையில் முக்கால் கிலோ கண்ணாடியை ஏற்றி வைப்பவர்களைப் பார்க்கையில், விளம்பர எண் எப்படி மயக்குகிறது என்பது விளங்கும்.

குழலுக்கு வருவோம், மிகுந்த தப்பெண்ணம் இங்கேதான். ஒரு குழலின் விறைப்பு, வெளிவிட்டத்தின் நான்காம் படியிலிருந்து துளைவிட்டத்தின் நான்காம் படியைக் கழித்து வருவது. நீளத்தின் மும்மடியால் அது குறைகிறது. .30 துளையுள்ள குழலை 22 மி.மீ. தடிமனிலிருந்து 14 மி.மீ.க்கு மெலிய வைத்தால் விறைப்பு ஆறரை மடங்கு போய்விடும். அதையே 61 செ.மீ.இலிருந்து 51 செ.மீ.ஆகக் குறுக்கினால் விறைப்பு 1.7 மடங்கு ஏறும், கூடவே மெல்லிய குழலிலும் 100 கிராம் குறையும். மெலிய வைப்பதைவிடக் குறுக்குவது மேல் என்பது இதிலிருந்து தெரிகிறது. குண்டின் வேகம் குறையாதா? .308 போன்ற தோட்டாவில் 10 செ.மீ.க்கு நொடிக்கு சுமார் 30 மீட்டர் குறையும், ஏறக்குறைய மூன்றரை சதவீதம். 250 மீட்டரில் அதை எந்த ஆடும் உணராது. மேக்னம் தோட்டாக்களில் இழப்பு இன்னும் அதிகம்; அவற்றை இலேசான ரைஃபிளில் சேர்க்காமலிருக்க இது இன்னொரு காரணம். ஆனால் இங்கே என் வாதமே என்னை இடிக்கிறது. குறுக்கும்போது போகும் 100 கிராமும் முனையிலிருந்துதானே போகிறது? ஆமாம். அதற்கு நியூசிலாந்து வேட்டைக்காரர்கள் கண்ட தீர்வு சுவையானது. அங்கே ஒலியடக்கி சட்டப்படி செல்லும், பரவலாகப் புழங்குகிறது. குழலை 45, 50 செ.மீ.க்கு வெட்டி, முனையில் 300 கிராம் அளவிலான ஒலியடக்கியைத் திருகுகிறார்கள். சத்தம் 20 டெசிபெல்லுக்கு மேல் இறங்குகிறது, உதையும் குறைகிறது, இழந்த எடை எங்கே வேண்டுமோ அங்கே திரும்பி வருகிறது. மாட்டும்போதும் கழற்றும்போதும் குண்டு படும் இடம் நகரும் என்பதால், மாட்டியே குறி சரிசெய்து மாட்டியே சுட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மெல்லிய குழல் துல்லியமாகச் சுடாது என்ற பழைய குற்றச்சாட்டு பாதி உண்மை. குழல் சூடேறச் சூடேறப் பதினைந்து, இருபது குண்டுகளில் அது வளையலாம், குறி நகரலாம். தடித்த குழல் அதே வெப்பத்தைப் பொறுமையாக வாங்கிக்கொள்ளும். ஆனால் மலையில் சுடப்படுவது குளிர்ந்த குழலிலிருந்து முதல் குண்டு, மிஞ்சினால் இன்னொன்று. அந்த முதல் குண்டு ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் படுகிறதா என்பது ஒன்றே கேள்வி. அளவையும் பாருங்கள். ஒரு கோண நிமிடம் என்பது 100 மீட்டரில் சுமார் 3 செ.மீ. அகலம். தடித்த குழல் ஒரு நிமிடத்திலும் மெல்லியது ஒன்றரை நிமிடத்திலும் சுடுவதாக வைத்துக்கொண்டால், 250 மீட்டரில் குண்டுகள் விழும் வட்டத்தின் ஆரத்தில் வேறுபாடு இரண்டு செ.மீ.க்கும் கீழ். ஏறி வந்த மூச்சிரைப்பில் கை தரும் ஆட்டம் அதைப் பல மடங்கு விழுங்கிவிடும். ஆகவே துல்லியத்தைத் தடித்த குழலில் தேடுவதைவிட, முனையில் எடையுள்ள, உதை குறைந்த ரைஃபிளில் தேடுவது பொருந்தும்.

அப்படித் தேர்ந்தெடுத்த ரைஃபிளை அமைப்பதிலும் இதே சிந்தனை தொடர வேண்டும். குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்பே ரைஃபிள் பின்னே நகரத் தொடங்கிவிடுகிறது: 4 கிலோவில் ஒன்றரை மி.மீ., 2.7 கிலோவில் இரண்டே கால் மி.மீ. அளவுக்கு. முனையும் மேலே தூக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே இலேசான ரைஃபிள் தான் பிடிக்கப்படும் விதத்தைக் கூர்ந்து கவனிக்கும். மேசையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டதற்கும் மலையில் முதுகுப்பை மேல் தளர்த்திப் பிடித்துச் சுட்டதற்கும் குறி மாறினால், குற்றம் ரைஃபிளுடையதாக இல்லாமலும் இருக்கலாம். முன்கட்டையை எப்போதும் ஒரே அளவு அழுத்தத்தோடு பிடித்துப் பழகியே குறி சரிசெய்ய வேண்டும். அறை கட்டையில் அசையாமல் அமர, எபாக்சியில் பதித்து அலுமினியத் தூண் வைத்துத் திருகுவது பொதுவான முறை. திருகுகளை முறுக்குமானியால் ஒரே அளவில் இறுக்காவிட்டால் அத்தனை வேலையும் வீண். தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து குறைந்தது 9 செ.மீ. தள்ளிப் பொருத்த வேண்டும். மேல்நோக்கிப் படுத்துச் சுடும்போது கண் அதை நெருங்கிவிடும், இலேசான ரைஃபிள் வேகமாகவும் வருகிறது. புருவத்தில் பிறைவடிவத் தழும்போடு திரியும் வேட்டைக்காரர்கள் இந்த அளவை அலட்சியம் செய்தவர்கள். குறியின் உயரத்துக்கு ஜாக் ஓ’கானரின் எளிய வழக்கமே போதும். .270 தோட்டாவின் புகழைப் பரப்பிய அந்த அமெரிக்க எழுத்தாளர், 100 கஜத்தில் குண்டு மூன்று அங்குலம் உயரப் படும்படி அமைத்துக்கொண்டார்; மலை ஆடுகளைச் சுடும் வழக்கமான தூரங்கள் முழுக்க, உயர்த்தியோ தாழ்த்தியோ பிடிக்கத் தேவையில்லாமல் போனது. சரிவில் மட்டும் ஒரு திருத்தம் உண்டு. புவியீர்ப்பு இழுப்பது கிடைமட்டத் தூரத்துக்கு ஏற்பத்தான். 40 பாகைச் சரிவில் 300 மீட்டர் என்பது குண்டுக்கு 230 மீட்டர். ஏற்றமோ இறக்கமோ, இரண்டிலும் குண்டு நினைத்ததைவிட உயரத்தான் போகும்.

இவ்வளவும் செய்த பிறகு அந்த ரைஃபிளை எப்படிச் சோதிப்பது? மூன்று குண்டுகளை வரிசையாகச் சுட்டு, அவை நாணயத்துக்குள் அடங்கின என்று படம் பிடிப்பதுதான் வழக்கம். மூன்று குண்டுக் கூட்டம் ஒரு ரைஃபிளை உண்மையைவிட நல்லதாகக் காட்டும். சிதறல் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றினால், அதே ரைஃபிள் பத்துக் குண்டில் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் பெரிய கூட்டத்தைத்தான் தரும். மலை ரைஃபிளுக்குப் பொருத்தமான சோதனை மெதுவானது. ஒரே தாளை எடுத்து வைத்து, பத்து வெவ்வேறு காலைகளில், ஆறிய குழலோடு, மலையில் எப்படிப் பிடிப்போமோ அப்படியே பிடித்து, நாளுக்கு ஒரே ஒரு குண்டு. பத்தாம் நாள் அந்தத் தாளில் ஒன்பது துளைகள் உள்ளங்கைக்குள் அடங்கி ஒன்று மட்டும் வெளியே நின்றால், அந்த ஒன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும்.